ஜனாதிபதியின் உரையில் வந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோமா?

முத்தையன்கட்டு வாசகி – 2022 மார்ச் 17

நேற்றுப் புதன்கிழமை இரவு ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையை எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறு பேர் ஒன்றாக இருந்து பார்த்தோம். முடிந்த பிறகு தொடங்கிய வாக்குவாதம் இன்று காலை வரை ஓயவில்லை. ஐயாவும் அயல்வீட்டு மாமாவும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

ஐயா இடதுகரை வாய்க்காலின் கீழ் வயல் செய்கிறவர். இந்தப் பொருளாதார நெருக்கடி தன்னால் உருவாக்கப்பட்டதல்ல என்று ஜனாதிபதி சொன்ன இடத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அதன் பிறகு படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அரசாங்க எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். இலக்கங்களைச் சொல்லிப் பேசுகிற உரையை இடையில் நிறுத்தக் கூடாது என்பது அவருடைய நியாயம். முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பி, நாளைக்குப் பெற்றோல் வருமா என்ற ஒன்றுக்காக மட்டுமே காத்திருந்தான். எரிபொருளையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்ற வேண்டுகோள் வந்தபோது சிரித்துவிட்டு எழுந்து போனான். பெரியம்மா தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடுக்களைக்குப் போய்விட்டார். அம்மாவோ, "ஆளுக்கு முகம் நல்லா வாடிப் போச்சு" என்று இரக்கப்பட்டார். அதற்கும் ஐயா கோபித்துக்கொண்டார்.

சண்டை ஒரு சொல்லில்தான் பிடித்தது. நாங்கள் பார்த்த அலைவரிசையில் ஓடிய தமிழ் மொழிபெயர்ப்பில் 'நாம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஐயா, "அவை 'நாங்கள்' எண்டு சொல்லட்டும், 'நாம்' எண்டு சொல்ல வேண்டாம்" என்றார். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் விழுந்த நூறு வாக்குகளில் எண்பதுக்கு மேல் அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் அனுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்ல முடியும் என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று புதிய ஜனாதிபதி பேசினார். வெற்றியில் சேராத எங்களை நட்டத்தில் மட்டும் ஏன் சேர்க்கிறார்கள் என்பது ஐயாவின் கேள்வி. டொலர் தட்டுப்பாட்டுக்குத் தமிழன், சிங்களவன் என்ற வேறுபாடு இல்லை, வரிசையில் நிற்கிற எல்லோரும் 'நாம்'தான் என்பது மாமாவின் பதில்.

உங்கள் ஊர்களில் இந்த உரையை எப்படிக் கேட்டார்கள்? ஓர் உரையை அதில் உள்ளதைக் கொண்டு அளப்பதா, அல்லது பேசுகிறவரின் முன்கதையைக் கொண்டு அளப்பதா? ஆளைத் திட்டுவதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன; இங்கே பதிலை எதிர்பார்க்கிறேன்.


வவுனியாக் கணக்கர் – 2022 மார்ச் 17

ஆசிரியை போல எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். நான் உங்கள் மாமாவின் பக்கம், ஆனால் முழுவதுமாக அல்ல.

இவ்வாண்டு ஏற்றுமதியால் வரக்கூடியது 12 பில்லியன் டொலர், இறக்குமதிக்குத் தேவையானது 22 பில்லியன், இடைவெளி 10 பில்லியன், அதற்கு மேல் கடனுக்காகக் கட்ட வேண்டியது 6.9 பில்லியன் என்று ஒரு நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் சொல்லுவது சாதாரண விடயமன்று. சங்கக்கடை நடத்துகிறவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு அது. சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தேவையில்லை என்று அரசாங்கத் தரப்பில் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் பேச்சுக்கு அந்த உரை ஒரு முடிவையும் வைத்தது. இந்த இரண்டுக்காகவும் நான் சத்தத்தைக் கூட்டித்தான் கேட்டேன்.

ஆனால் நான் கணக்கு வேலையில் பழகியவன். ஆரம்ப மீதி காட்டாத கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது யார்? நாட்டில் டொலர் இல்லை என்று தெரிந்திருந்தும், கடந்த ஜனவரியில் முதிர்ந்த 500 மில்லியன் டொலர் இறைமைப் பிணைமுறிக்கு, அதாவது நாடு வெளியில் கடன் வாங்கிக் கொடுத்த பத்திரத்துக்கு, முழுப் பணத்தையும் கட்டியது ஏன்? ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய் என்று மாதக்கணக்காகப் பிடித்து வைத்துவிட்டு மார்ச் 7 ஆம் திகதி கையை விட்டது ஏன்? கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அந்த இலக்கங்கள் எந்த வழியால் வந்தன என்பதுதான் இல்லை. "என்னால் உருவானதல்ல" என்ற வசனம் அந்த வழியை மறைப்பதற்கு வைத்த தட்டி.

வவுனியா நகரத்தில் நான் கேட்டவரை, கருத்து தொழிலின்படி பிரிந்திருக்கிறது. பஜாரில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் நாணய நிதியம் என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்தார்கள், ஏனென்றால் துறைமுகத்தில் தேங்கிய கொள்கலன் அசையும் என்று நம்புகிறார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரரும் அதே சொல்லைக் கேட்டுப் பயந்தோம். 12 ஆம் திகதி பெற்றோல் 254 ரூபாயாகவும் டீசல் 176 ரூபாயாகவும் ஏறியபோது எங்களுடைய கொடுப்பனவில் ஒரு சதமும் ஏறவில்லை. இந்தப் பிரிவில் இனமும் தேர்தலும் பின்வரிசையில்தான் நின்றன என்பதை உங்கள் ஐயாவிடம் மரியாதையுடன் சொல்லுங்கள்.


கனகராயன்குளம் கமக்காரன் – 2022 மார்ச் 18

பிள்ளை, உங்கள் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. கடைசி வரை கேட்டேன், ஏனென்றால் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். பசளை பற்றிய என் கேள்விக்கு அந்த உரையில் பதில் கிடைக்கவில்லை.

கணக்கர் ஐயா வரியையும் பிணைமுறியையும் சொன்னார். அவற்றைப் பற்றி எனக்கு அறிவு போதாது. எனக்குத் தெரிந்த கணக்கு என் வயல். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. நாங்கள் மாரிமழையோடு காலபோகத்துக்கு விதைக்கிறபோது கையில் யூரியா இல்லை. நெல்லுக்கு யூரியா போடுகிற காலத்தைக் கமம் செய்யாதவர்கள் அறியமாட்டார்கள்: பயிர் மட்டம் வெடித்துக் கிளைக்கிறபோது அதற்குச் சாப்பாடு வேண்டும், கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவத்தில் மறுபடியும் வேண்டும், அந்தந்தக் கிழமையில் கொடுக்காததைப் பிறகு பத்து மடங்காகக் கொண்டுவந்து கொட்டினாலும் பயிர் வாங்காது. இரசாயனத்துக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த சேதன (இயற்கை) பசளையில் கல்லும் களை விதையும் கலந்திருந்தன. இந்தியாவிலிருந்து வந்த நனோ நைதரசன் திரவத்தை எந்த அளவில் விசிற வேண்டும் என்று எங்கள் வாய்க்காலில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சீனாவிலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பலில் வந்த சேதனப் பசளையில் பற்றீரியா இருந்ததாகச் சொல்லித் திருப்பிவிட்டு, இறக்காத அந்தப் பசளைக்கு 6.7 மில்லியன் டொலரும் கட்டினார்கள். நவம்பர் 24 ஆம் திகதி தடையைத் தளர்த்தியபோது என் வயல் வெளிறிய பச்சையைத் தாண்டி மஞ்சளுக்கு வந்துவிட்டது.

வழமையாக ஏக்கருக்கு 25 மூடைக்குக் குறையாத வயலில் இம்முறை 11 மூடை. அதிலும் பதர் நிறைய. வெட்டு இயந்திரக்காரர் வயலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, வெட்டுக்கூலிக்காவது காணுமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட அவமானம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. எங்கள் கமக்காரர் அமைப்புக்குள்ளேயே இந்த உரை பற்றி ஒரே கருத்து இல்லை. முன்கூட்டியே சில மூடை யூரியாவை வாங்கிப் பதுக்கி வைத்திருந்த இரண்டு பேருக்கு நல்ல விளைச்சல். நெல் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் அவர்களுக்கு இந்த வருடம் போல் ஒரு வருடம் வந்ததில்லை. அவர்கள் உரையைக் கேட்டு, நாணய நிதியம் வந்தால் விலை விழுந்துவிடுமோ என்றுதான் கவலைப்பட்டார்கள். இளையவர்கள் சிலர் நெல்லை விட்டு நிலக்கடலைக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களுக்கு உரையில் தேவைப்பட்டது டீசல் பற்றிய ஒரு திகதி மட்டுமே. பசளைத் தடை பிழை என்ற ஒப்புதலை என்னைப் போல் எதிர்பார்த்தவர்கள் அரைவாசிப் பேர். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது. உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. பெற்றோல் செட்டுக்குக் கலன் கொண்டுபோனால் தரமாட்டோம் என்கிறார்கள். உழவு இயந்திரத்தையே கொண்டுபோய் நிறுத்தினால், போய் வருவதற்கே அரைவாசி எண்ணெய் எரிந்துவிடும்.

உள்ளதைக் கொண்டு அளப்பதா, முன்கதையைக் கொண்டு அளப்பதா என்று கேட்டீர்கள். விதை நெல் வாங்குகிறபோது நாங்கள் நெல்லையும் பார்ப்போம், அது விளைந்த வயலையும் கேட்போம்.


சிலாவத்துறை – 2022 மார்ச் 18

அஸ்ஸலாமு அலைக்கும். முசலிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில்தான் உரையைப் பார்த்தோம்.

எங்கள் படகுகளின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அரசாங்க விலை லீற்றர் 87 ரூபாய்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணெயே இல்லாதபோது விலையை வைத்து என்ன செய்வது? சிக்கனமாக எரிக்கச் சொன்ன இடத்தில் ஒருவர், "மூன்று நாளாக ஒரு துளியும் எரிக்கவில்லை, இதைவிடச் சிக்கனம் எப்படி?" என்றார். கடைக்காரர் மட்டும் ஜனாதிபதியின் பக்கம் பேசினார்: கொரோனாவால் சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும் நின்றதற்கு ஒரு மனிதனை எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. என் வாப்பா எதுவும் பேசவில்லை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மரணித்தவர்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்த நாட்களுக்குப் பிறகு அவர் அந்த முகம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

சகோதரி, 'நாம்' என்ற சொல்லைப் பற்றி உங்கள் ஐயா சொன்னது நியாயம். ஆனால் வட மாகாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கொட்டில்களில் வளர்ந்து, திரும்பி வந்த எங்களுக்கு அந்தச் சொல் கொழும்பிலிருந்து வருகிறபோது மட்டும் குத்துவதில்லை. எங்களையும் 'நாம்' என்று சேர்த்துப் பேசிய அயலவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் ஒலிபெருக்கியில் நாங்கள் தனியாக்கப்பட்டோம். பழையதைக் கிளறுவதற்காக எழுதவில்லை. உரையை அளக்க ஒரு கோல் எடுத்தால் அதே கோலால் வடக்கில் உள்ள எல்லோரையும் அளக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.


மாங்குளம் மொழிபெயர்ப்பாளர் – 2022 மார்ச் 19

இந்த உரையாடலில் ஒரு மொழிச் செய்தி விடுபட்டிருக்கிறது; அதுவே விவாதத்தின் நடுவிலும் இருக்கிறது. சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில்.

ஜனாதிபதி சிங்களத்தில் பேசினார். சிங்களத்தில் தன்மைப் பன்மைக்கு உள்ள சொல் 'அபி'. கேட்பவரைச் சேர்த்துப் பேசினாலும் 'அபி', விட்டுப் பேசினாலும் 'அபி'. தமிழில்தான் முன்னிலையில் இருப்பவரையும் உட்கொண்டால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்' என்று இரண்டு கதவுகள் இருக்கின்றன. பள்ளியில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று படித்தோமே, அதுதான். ஆகவே நேரலையில் குரல் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு 'அபி' வருகிறபோதும், பேசியவர் எடுக்காத ஒரு முடிவை ஒரு விநாடிக்குள் எடுக்க வேண்டியிருக்கிறது. செய்தித் தமிழில் பழகிய நாக்கு 'நாம்' என்ற பக்கம்தான் சாயும். உங்கள் ஐயா கோபப்பட்ட அந்தச் சொல் ஜனாதிபதியின் சொல்லே அன்று. முகம் தெரியாத ஒரு தமிழரின் சொல். நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் கொஞ்சம் கூசுகிறது.

இதற்கு எதிராகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் நாங்கள் பேசுகிறபோது 'நாம்' என்று யார் சொல்லுகிறோம்? ஒரே ஊரவர் இருவர் பேசினாலும் 'எங்கட குளம்', 'எங்கட கோயில்' என்றுதான் வரும்; மட்டக்களப்பாருக்கு 'நம்மட' இருக்கிறது, எங்களுக்கு இல்லை. கூட்டங்களிலும் செய்திகளிலும் பாடப்புத்தகத்திலும் மட்டுமே 'நாம்' கேட்கிறோம். அதனால் அந்தச் சொல் எங்கள் காதில் உறவாக விழுவதில்லை, மேடையாக விழுகிறது. உங்கள் ஐயாவுக்குக் கசந்தது இதனால்தானோ என்று நினைக்கிறேன்.

மொழியைத் திருத்திவிட்டால் பிரச்சினை தீரும் என்று நான் சொல்லவில்லை. 2009 மே 19 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் சில நிமிடங்கள் தமிழிலேயே பேசினார். இந்த நாட்டில் இனிச் சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை, நாட்டை நேசிப்பவர்களும் நேசிக்காதவர்களும் என இரு சாரார் மட்டுமே என்ற கருத்தையும் அந்த உரையில் சொன்னார். அப்போது நான் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில், முட்கம்பிக்கு உள்ளே இருந்த பதினான்கு வயதுப் பிள்ளை. அவர் தமிழில் பேசினாராம் என்ற செய்தி தண்ணீர் வரிசையில்தான் எங்களுக்கு வந்தது. வரிசையில் முன்னால் நின்ற ஒரு கிழவி, "உச்சரிப்பு எப்பிடியாம்?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

இன்னொன்று. மதவாச்சியில் எனக்கு ஒரு சிங்களத் தோழி இருக்கிறார்; கமக்காரக் குடும்பம்; 2019 இல் குடும்பத்தோடு இவருக்கு வாக்களித்தவர்கள். உரை முடிந்ததும் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய தகப்பனும் உங்கள் ஐயாவைப் போலவே பாதியில் எழுந்துவிட்டாராம். "அபி என்றால் யார்? பசளை இல்லாமல் விதைத்தது நான், அவர் அல்லவே" என்று கேட்டாராம். மூலத்தில், தன் சொந்த மொழியில், தான் வாக்களித்தவரிடமிருந்து கேட்ட ஒரு மனிதரும் அந்தச் சொல்லுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். கனகராயன்குளத்து அண்ணைக்கு அவரைத் தெரிந்திருந்தால் இருவரும் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் எந்த மொழியில் பேசுவார்கள் என்று அடுத்த நிமிடம் யோசித்தேன்.


புதுக்குடியிருப்பு – 2022 மார்ச் 20

எல்லோரும் நாகரிகமாக எழுதுகிறீர்கள். எங்கள் சந்தியில் நடந்ததை நான் உள்ளபடி எழுதுகிறேன்: அந்த உரையைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். இரண்டரை வருடத்துக்கு முன் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவர் இப்போது கணக்குச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

யுத்தத்தில் அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் என்பது சிறு போத்தலில் மருந்து போல் விற்ற பொருள். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினோம். அப்போது எந்த ஜனாதிபதியும் தொலைக்காட்சியில் தோன்றி எங்களிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. இன்றைக்குக் கொழும்பில் எரிவாயு சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்க்கிறபோது, இது எப்படி இருக்கும் என்று இப்போதாவது விளங்கட்டும் என்ற எண்ணம் வருவதை நான் மறைக்கப்போவதில்லை.


கிளிநொச்சித் தொழிலாளி – 2022 மார்ச் 23

புதுக்குடியிருப்புத் தம்பிக்கு எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். நேற்றைய செய்திக்குப் பிறகு எழுதுகிறேன். நேற்று மட்டும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 16 பேர், குழந்தைகளுடன், படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கியிருக்கிறார்கள். குண்டுக்குத் தப்பிப் போன கடலை இப்போது அரிசி விலைக்குத் தப்பிப் போகிறவர்கள் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கொழும்பு ஆட்கள் இல்லை, தம்பி. யாருக்கு விளங்கட்டும் என்று சொன்னீர்கள்?

என் தாய் தகப்பன் 1977 வன்செயலில் மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். காணி எங்களுக்குச் சொந்தமாக இல்லை; நான் மற்றவர் வயலில் கூலி. அண்ணையின் வயலில் 25 மூடை 11 ஆனால் அவருக்கு நட்டம். எனக்கோ அந்த வயலில் வேலையே இல்லை. நட்டஈடு என்று ஏதும் வந்தாலும் அது காணி உறுதி வைத்திருப்பவரின் பெயருக்குத்தான் வரும். இந்த உரையாடலில் 'நாங்கள்' என்று எழுதிய எல்லோரையும் வாசித்தேன். வயலுள்ளவர், படகுள்ளவர், ஓய்வூதியம் உள்ளவர். என் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. உரையை அடுத்த நாள் வேலைத்தளத்தில் பிறர் சண்டை பிடித்ததிலிருந்துதான் அறிந்தேன். என் மனைவி ஒன்று மட்டும் கேட்டாள்: "மா விலையைப் பற்றி ஏதும் சொன்னாரா?"

தடைக்காலத்தை நானும் கண்டவன்தான். அப்போது ஊரில் யாரிடமும் பொருள் இல்லை. ஒருவர் வீட்டில் மரவள்ளி அவித்தால் நான்கு வீட்டுக்குப் போகும். இப்போது கடையில் பொருள் கண்ணுக்கு முன்னால் அடுக்கி இருக்கிறது, கையில் காசு இல்லை. இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.


முத்தையன்கட்டு வாசகி – 2022 மார்ச் 24

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

'அபி' பற்றிய விளக்கத்தைக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மதவாச்சிக்காரருக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்குத் தெரிந்தால் எழுதவும். சிலாவத்துறைச் சகோதரரின் பதிலை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வவுனியாக் கணக்கர் ஐயாவின் ஆரம்ப மீதி மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதை அவர் தன் சொந்தக் கருத்தாக ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்று இருவரும் மறுபடியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கியது உரையைப் பற்றியன்று, கிளிநொச்சி அண்ணர் எழுதியதைப் பற்றி. நட்டஈடு கூலிக்காரருக்குப் போக வேண்டுமா என்பதில் இப்போது இருவரும் ஐயா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கமாக நிற்கிறார்கள். இம்முறை நான் மாமாவின் பக்கம்.

பெரியம்மாவைப் பற்றி நான் முதலில் எழுதியதைத் திருத்த வேண்டும். அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பதில்களை வாசிக்கிறபோது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒவ்வொரு ஜனாதிபதியின் உரையையும் தொடக்கத்திலிருந்து கேட்பதாகச் சொன்னார். அவருடைய மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் அவருடைய கண்ணுக்கு முன்னால் பேருந்தில் ஏற்றப்பட்டவர். முல்லைத்தீவில் 2017 மார்ச்சில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் பெரியம்மா இன்றும் போய் இருக்கிறார். காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று இந்த ஜனாதிபதி ஐ.நா. அதிகாரியிடம் கூறியதாக 2020 ஜனவரியில் அறிக்கை வந்தபோது, அது யாருடைய பெயரையும் திகதியையும் சொல்லாத செய்தி என்பதால் தான் நம்பவில்லை என்றார். "முன்னுக்கு வராதது பின்னுக்கும் வராது. அதாலதான் நான் வேளைக்கு எழும்பிப் போறனான். உலையில அரிசி கிடந்தது."

தம்பியின் கருத்தையும் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். இராணுவத்தினரை எரிபொருள் நிரப்பு நிலையங்களில் நிறுத்திய பிறகு எங்கள் பக்கத்தில் வரிசை சத்தமில்லாமல் நகர்கிறது. சோதனைச் சாவடிக் காலத்து ஒழுங்கு எல்லோருக்கும் மறக்கவில்லை. அவன் அதிகாலை நான்கு மணிக்குப் போனவன். சற்று முன் அழைத்தபோது தனக்கு முன்னால் 63 வண்டிகள் நிற்பதாகவும், இந்தப் பதில்கள் எல்லாவற்றையும் கைபேசியில் வாசித்து முடித்துவிட்டதாகவும், மின்கலம் தீரப்போவதால் அழைக்க வேண்டாம் என்றும் சொன்னான். பெற்றோல் கிடைத்து வீடு திரும்பினால் இன்றிரவு அவனே எழுதுவான்.